பந்து எறியக் கூடாது என்றுதான் சொன்னேன்

புரட்டாசி மூன்றாம் வாரம், ஒரு சனியும் ஞாயிறும். சென்னையிலிருந்து திருப்பனந்தாளை ஒட்டிய ஒரு கிராமம், அங்கிருந்து தஞ்சாவூர், பிறகு வீடு. கோயில் பார்க்கவோ சுவாமிமலையில் சிலை வாங்கவோ போகவில்லை. அந்த ஆசையில் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் போனது இளவரசி என்ற பெண்ணின் வலது கையைப் பார்க்க.

இளவரசிக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியின் பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து எறிபவள். நான் கல்லூரிக் காலத்தில் ஆடியவள். இப்போது வார இறுதிகளில் சென்னையில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவளுடைய உடற்பயிற்சி ஆசிரியர் செந்தில் சார் கூப்பிட்டதால் ஆவணிக் கடைசியில் அங்கே இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தினேன். பதினோரு பெண்களில் இவள் எறிந்தால் மட்டும்தான் பிடிப்பவளின் கையுறை ‘பட்’டென்று சத்தம் போடும். இரண்டாம் நாள் மாலை, முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றாள். வளரும் எலும்பு, விளையாட்டல்ல. அவளுடைய கணக்கு நோட்டின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: ‘மூன்று வாரம் பந்து எறியக் கூடாது.’ கீழே இரண்டு கோடு வேறு.

மூன்று வாரம் கழித்துத் தஞ்சாவூரில் மாநில அணிக்கான தேர்வு. அதில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், பிளஸ் ஒன் அங்கேயே படிக்கலாம். ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு சரி. தினம் இரண்டு பஸ் மாறி அனுப்ப முடியாது, பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் அம்மா செல்வி முகாமிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு முழங்கையில்தான் எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை காலை எழும்பூரில் பகல் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு இருக்கை, முன்பதிவு அவசியம். மயிலாடுதுறை தாண்டிக் கும்பகோணத்தில் இறங்கும்போது மணி இரண்டு. நிலையத்துக்கு வெளியே காபி குடித்தேன். இருபது ரூபாய், பெயர்ப்பலகையில் இருந்த பெருமை டம்ளரில் இல்லை. அங்கிருந்து திருப்பனந்தாள் ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர், நகரப் பேருந்தில் முக்கால் மணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லை, கண்டக்டர் பூஜ்ஜியம் போட்ட சீட்டைக் கிழித்துத் தருவார், தொலைத்துவிடாதீர்கள். கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

அந்த நான்கு கிலோமீட்டரும் இருபுறமும் சம்பா நடவு. சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வரப்பில் நின்று ஒருவர் நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, பக்கவாட்டில் சுழற்றி வீச, அவை நடுவயலில் சொன்ன இடத்தில் போய் விழுந்தன. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தேன்.

“மிஷினு வைக்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“இந்த வயலு உளைச் சேறுங்க. மிஷினு எறங்குனா ஏறாது. கைநடவுதான்” என்றார் ஓட்டுநர்.

பதினோரு நொடி வீடியோ. ‘என்ன குறி!’ என்று எழுதி உடனே ஸ்டேட்டஸில் வேறு வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு நெல் அடிக்கும் சிமென்ட் களத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். அதுதான் அவர்கள் மைதானம். மணல் நிரப்பிய உரச்சாக்குகள்தான் ஓடித் தொட வேண்டிய பேஸ். இளவரசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“கை எப்படி இருக்கு?”

“பரவால்லக்கா.”

“இந்த மூணு வாரத்துல பந்து எறிஞ்சியா? உண்மையச் சொல்லணும்.”

“சத்தியமா இல்லக்கா. தொடவே இல்ல.”

செந்தில் சாரும் சாட்சி சொன்னார்: “பந்துப் பை எங்க வீட்லதான் இருக்கு மேடம். சாவி எங்கிட்ட. ஒரு நாள்கூட வந்து கேக்கல, பாவம்.”

முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன். லேசாக இறுக்கமாக இருந்தது. பயமாக இருக்கும், வேறென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெதுவாக ஐந்து பந்து எறியச் சொன்னேன். ஐந்தும் நேராக வந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சார் வீட்டில் சாப்பாடு, தங்கலும் அங்கேயே.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குப் பஸ் பிடித்தோம். சார், நான், இளவரசி, செல்வி. கும்பகோணத்தில் மாறி, இன்னும் நாற்பது கிலோமீட்டர். தஞ்சாவூர் சேரும்போது ஒன்பதாகப் பத்து நிமிடம். கும்பகோணத்திலிருந்து வரும் சாலையில் ஞாயிறென்றால் கோயிலுக்குப் போகும் கூட்டம் இருக்கும், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் செல்வி ஒரு பாட்டில் மோரை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார், மகளுக்குச் சூடு பிடிக்கக் கூடாதென்று.

பதினொரு மணிக்கு அவள் முறை. பத்து பந்துகள் போட்டாள். ஓரமாக நின்ற தேர்வாளர் ஒருவர் பேனாவை எடுத்துப் பெயர் கேட்டார். பதினோராவது பந்து கையை விட்டுப் போகவில்லை, காலடியிலேயே விழுந்தது. இளவரசி கத்தவில்லை. முழங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கையை நீட்ட முடியவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் காட்டினார். முழங்கையின் உள்பக்கம், எலும்பு இன்னும் வளர்ந்து முடியாத இடத்தில், ஒரு துண்டு பிய்ந்து விலகியிருந்தது. ஆறு மாதம் எறியவே கூடாது, அதன் பிறகும் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார். பிறகு அவர் கேட்டார்:

“இது ஒரு நாள்ல வர்றதில்ல. இத்தனை நாளா இந்தக் கைக்கு என்ன வேல?”

“வேல ஒண்ணும் இல்லங்க” என்றார் செல்வி. “நாத்து முடிதான் வீசிட்டு இருந்துச்சு. பந்து எறியக் கூடாதுன்னு மேடம் எழுதிக் குடுத்துட்டாங்க. சாயங்காலமும் லீவு நாள்லயும் சும்மாதான இருக்குன்னு நான்தாங்க நடவுக்குக் கூட்டிட்டுப் போனேன். எட்டிப் போடும், நல்லா வீசும். பதினெட்டு நாளு.”

நான் இளவரசியைப் பார்த்தேன். “நேத்து கேட்டேனே, ஏன் சொல்லல?”

“நீங்க பந்துதானக்கா கேட்டீங்க?” என்றாள். “அது எறியறது இல்லக்கா. அது வேல.”

அவள் பொய் சொல்லவில்லை. செல்வியும் எதையும் மீறவில்லை. என் எழுத்தை மந்திரம் மாதிரி எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நோட்டு அட்டையைக் கிழித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்ததாகச் செல்வி சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரம் சொட்டும் நாற்று முடி ஒரு பந்தைவிட எத்தனை மடங்கு கனம்! அதைப் பக்கவாட்டில் சுழற்றி வீசும்போது இழுபடுவது அதே முழங்கை, அதே உள்பக்கம். நடவு மாதத்தில் டெல்டாவுக்கு வந்து, இரண்டு பக்கமும் நாற்று பறப்பதைப் படம் பிடித்து, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் பந்தை மட்டும் கேட்ட என்னை என்ன சொல்ல? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள், எட்டு பேர் இதயம் அனுப்பியிருந்தார்கள்.

இந்தப் பக்கம் பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கும்பகோணம் வரை ரயில்தான் வசதி. ஆட்டோவுக்குச் சில்லறை வைத்திருங்கள். நடவு மாதத்தில் முகாம் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால், பிள்ளையிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள். ‘ஓய்வு’ என்ற சொல்லை நம்பாதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து அந்தக் கை எதையெதைத் தூக்குகிறது, இழுக்கிறது, வீசுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். இளவரசிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. விடுதி இடம் போனது போனதுதான். இதை எழுதுவதால் என் மனம் ஆறும் என்று நினைத்தேன், அதுவும் ஆறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மோர் பாட்டில் செல்வியின் மடியில் திறக்காமலே இருந்தது. பாபநாசம் தாண்டியதும் இளவரசி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“இன்னும் ரெண்டு மா நெலத்துல நடவு பாக்கி இருக்குக்கா. இடது கையால நாத்து வீசலாமா?”