ஜப்பான் ஓட்டலில் எழுதிய கடிதம்

என் எழுத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. ஒரகடத்துக்கு ஜப்பான் சாப்பாடு சாப்பிடப் போன சனிக்கிழமை, அப்படித்தான் ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு வந்தேன்.

பகல் 12.10. ஸ்ரீபெரும்புதூரில் ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். “ஜப்பான் ஓட்டலா? அங்க பச்சையா துன்றாங்களாமே சார்!” என்றார் ஓட்டுநர். பிள்ளைப்பாக்கம் தாண்டும்வரை கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

12.50. பேட்டரிக் கடைக்கு மேலே, முதல் மாடி. வாசலில் அரைத் துணி தொங்குகிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். சீருடையோடு இரண்டு ஜப்பானியர் பேசாமல் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கறி சோறு 420 ரூபாய். நம் குருமாவில் சர்க்கரை விழுந்த ருசி. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர். எதிரே பேச்சிமுத்து என்ற தொழிலாளி; இருபத்தைந்து வயதிருக்கும், சங்கரன்கோவில் பக்கம். வலக்கை முழுக்கக் கட்டு. இடக்கையில் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றைத் தட்டுக்குள் துரத்திக்கொண்டிருந்தார்.

“சார் எழுத்து சூப்பரா கீது,” என்றார் சூப்பர்வைசர், என் நோட்டை எட்டிப் பார்த்து. “தம்பிக்குக் கை முடியல. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அத குடுத்தாதான் மறுபடி வேலைக்கு எடுப்பாங்க.”

“கை உள்ள போனா மெஷின நிறுத்துத சென்சார் வேல செய்யலன்னு சொன்னேம்லா. ‘சும்மா ஓட்டுலே’ன்னாவ. மூணு விரல் போயிட்டு சார்,” என்றார் பேச்சிமுத்து.

“சென்சார்லாம் இன்னாத்துக்குப்பா? சுருக்கமா இருக்கட்டும். சாருக்குத் தெரியாததா?”

சுருக்கம் என் பலவீனம். ‘என் கவனக்குறைவினால் கை இயந்திரத்தில் சிக்கியது’ என்று ஒரே வரியில் முடித்தேன்.

“கவனக்குறைவுன்னா எம்மேல தப்புன்னு ஆயிராதா சார்?”

“அது சும்மா ஒரு நாகரிகத்துக்கு எழுதுறதுப்பா,” என்றேன்.

சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். இடது பெருவிரல் பதிந்தது. “நல்லா எழுதுதீய சார்,” என்று கும்பிட வந்த பேச்சிமுத்து, ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார்.

2.15. தாம்பரம் பஸ். சாப்பிட வருகிறவர் மை டப்பா எதற்குக் கொண்டுவருகிறார் என்ற கேள்வி படப்பையில்தான் எனக்கு உதித்தது. இறங்கி, வேறு பஸ் பிடித்துத் திரும்பினேன். 3.20க்கு அந்த மேசையைத் துடைத்திருந்தார்கள். சூப்பர்வைசரும் பேச்சிமுத்துவும் எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள், தொழிலாளர் வழக்கு நடத்தும் பள்ளித் தோழனுக்குப் போன் செய்து சொன்னேன்.

“கவனமில்லாத ஆளுன்னு அவனே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. இனிமே யாருடா அவன மெஷின்ல நிக்க விடுவான்?” என்றான். பிறகு சொன்னான்: “முப்பது வருஷமா எழுதுற. நீ எழுதினதுல ஒவ்வொரு வார்த்தையா உத்துப் படிக்கப்போறாங்கன்னா, அது இதத்தான்டா.”