பலாமரக் கதவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். நெடிய உடம்பு. வலது கை முட்டிகள் மட்டும் எப்போதும் வீங்கியிருக்கும். மாத்தளையில் என் தச்சுப் பட்டறைக்கு அவர் வருவதெல்லாம் ஒரே வேலைக்குத்தான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற தன் ஒற்றை அறைக்குக் கதவு செய்து வாங்கிப் போவார். சில மாதம் கழித்து அதையே கையால் குத்தி உடைத்துவிட்டு, இரத்தம் காயாத துணிக்கட்டோடு வந்து நிற்பார்.

"பலாமரத்துல செய்ங்க பாஸ். பலமா இருக்கணும்." தச்சனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உடைக்கிறதுக்கா?" என்று கேட்டால் முறைப்பார்.

கதவு தூக்க அவரோடு வந்தவர் ஒருமுறை என்னிடம் தனியே சொன்னார். முன்னொரு மழையில் மண் சரிந்து லயத்துச் சுவர் இறங்கியபோது கதவு இறுகிப்போனதாம். உள்ளே மனைவி. வெளியே நின்று இவர் குத்திய குத்தில் கை உடைந்ததே தவிர, கதவு உடையவில்லையாம்; மனைவி பிழைக்கவும் இல்லையாம்.

கேட்டபின் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தக் கையாவது தப்பட்டும் என்று, அடுத்த கதவை மெல்லிய மாம்பலகையில் செய்து, பலா நிறத்தில் சாயம் பூசிக் கொடுத்தேன்.

மறு வாரமே வந்தார். கையில் ஒரு கீறல்கூட இல்லை. என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"ஒரே குத்துல போயிருச்சு பாஸ்! இவ்வளவு லேசாவா ஒரு கதவு உடையும்? அப்ப அன்னிக்கு அது ஏன் உடையல?"

பிடி தளர்ந்தது. அப்படியே நின்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலாமரத்திலேயே இன்னொன்று செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

செய்து கொடுத்தேன். செய்தது சரியா என்று மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.