கதவு அந்தப் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரு ஜன்னல் உண்டு. பச்சை பெயின்ட் அடித்த பலகைக் கதவு, வெளியே நிற்பவர் தலைக்கு மேல் ஒரு சின்னத் தகரம். தொழிலாளருக்கு என்ன காரியம் என்றாலும் அந்த ஜன்னலில்தான். ஆபீஸ் கதவு தொரைக்கும் கிளாக்கர்மாருக்கும் உரியது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை, எழுதித் தெரியவேண்டிய விஷயமும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலுக்கு நேரே நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது, தட்டக் கூடாது. கிளாக்கர் ஐயா தானாகத் திறப்பார். நமுனுகுல மலைச்சாரலில் பிறந்த எங்களுக்கு இது நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

இந்த நடைமுறையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என் பெரியப்பா. தோட்டத்தில் கங்காணி. தொரையோடு பேசிக் காரியம் முடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை. எனக்குக் கம்பஸ் கிடைத்தபோது, அப்பா இல்லாத வீடு என்பதால், கூட்டிப்போகும் பொறுப்பு தானாகவே அவருடையதாயிற்று. நாடு முழுக்கப் பேர்போன பழைய பல்கலைக்கழகம். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒருவரும் அங்கே போனதில்லை. குறித்த நாளில் மதியத்துக்குள் நேரில் வந்து பதியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அறிவித்திருந்தார்கள். “ஆபீஸ் வேலைய என்கிட்ட விடு. நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்” என்றார் பெரியப்பா, பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே.

காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். கல் கட்டடம், சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள். பெரியப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்து, பின்பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். உள்ளே பேச்சுக்குரல், நாற்காலி இழுபடும் சத்தம். நடுவில் ஒருவர் ஜன்னலைத் திறந்து, கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை வெளியே ஊற்றினார். எங்களைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு மூடிக்கொண்டார். போகச் சொன்னாரா, நிற்கச் சொன்னாரா, யாருக்குத் தெரியும்? “பார்த்தியா, நிக்கச் சொல்றாரு” என்றார் பெரியப்பா. உயர்தரப் பரீட்சையில் நன்றாகத் தேறிய எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அலுப்பாக இருக்கிறது.

வெயில் உச்சிக்கு வந்தபின், முற்றம் கூட்ட வந்த ஒரு சிங்கள அம்மா எங்களைப் பார்த்து, “கதவு அந்தப் பக்கம்” என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். சுற்றிக்கொண்டு ஓடினோம். முன்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கும்பிட்டார். காலையிலிருந்து நிற்கிறோம் என்று தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கே நின்றீர்கள் என்று கேட்டார் அதிகாரி. பெரியப்பா ஜன்னலைக் காட்டினார். அந்த மனிதருக்குப் புரியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. மேன்முறையீடு எழுதச் சொன்னார். எழுதினோம். போன இடம் போனதுதான்.

திரும்பும்போது அப்புத்தளையில், பனிமூட்டத்துக்குள் ரயில் நின்றபோது, பெரியப்பா “எனக்குத் தெரிஞ்சதத்தாம்மா செஞ்சேன்” என்றார். எனக்கு அடங்காத கோபம். அதை அவர் மேல் போடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் அவர் செய்த காரியத்தைத் தோட்டமே பேசியது. செருப்புக் காலோடு ஆபீஸ் கதவு வழியாக நேரே போய், கிளாக்கர் மேசைக்கு முன்னால் நின்றாராம். யார் உன்னை உள்ளே விட்டது என்று கிளாக்கர் சத்தம் போட, “ஜன்னல்ல நின்னுதாங்க எங்க புள்ள படிப்பு போச்சு. இனிமே கதவுதாங்க” என்றாராம். கங்காணி வேலை போயிற்று. அதுவரை காலையில் ஆள் கூடும் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர், அதன்பிறகு அதே ஆட்களோடு வரிசையில் நின்றார்.

நான் அதே பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாகப் பதிந்து, வேலை பார்த்துக்கொண்டே, ஆண்டுகளை இழுத்து இழுத்துப் பட்டம் வாங்கினேன். அங்கே உட்கார்ந்து ஒரு விரிவுரைகூடக் கேட்டதில்லை. இப்போது பதுளையில் ஓர் அரசாங்க ஆபீசில் இருக்கிறேன். என் மேசைக்குப் பக்கத்திலும் ஒரு ஜன்னல். வாசல் கதவு திறந்தே கிடந்தாலும் தோட்டத்து ஆட்கள் இந்த ஜன்னலுக்கு வெளியேதான் வந்து நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் எழுந்துபோய்க் கூப்பிடுவது? முழங்கால் வலிக்கிறது. போகாமல் இருக்கவும் முடிவதில்லை.

நேற்று ஒருவர் மகளோடு வந்து நின்றார். மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறதாம், வதிவிட அத்தாட்சி வேண்டுமாம். எழுந்துபோய், “கதவு இந்தப் பக்கம்ணே, உள்ள வாங்க” என்றேன். வாசலில் குனிந்தார். “கழட்டாதீங்க, போட்டுக்கிட்டே வாங்க” என்றேன். சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பு கையில் இருந்தது, மகளுடையதும் சேர்த்து.