கழுத்தில் கிடந்த மூன்றாம் சரணம்

ஒரு பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் பேய் பேசும் என்கிறீர்களே, அதை நேராக, கடைசிவரை ஒருமுறையாவது காதுகொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா?

'பிளேடு அக்கா' கேட்டதில்லை. இத்தனைக்கும் வானொலி நிலையத்தில் ஒலிநாடாக்களைப் பிளேடால் வெட்டி ஒட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. பேய்ப்பாட்டு என்று பேர்வாங்கிய அந்தப் பழைய ராக் பாட்டு, வானொலி நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் நீளம். மூன்றாம் சரணத்தை வெட்டிவிடுவது நிலையத்தின் வழக்கம். பழைய பிரதி தேய்ந்துபோனதால், அன்று காலை புதுப் பிரதியை வெட்டிக்கொண்டிருந்தார்.

வெட்டும் இடத்தைப் பிடிக்க, நாடாச் சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்னுக்கு உருட்ட வேண்டும். அப்போது கிதார் உறுமும். பாடகனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். டீ கொண்டுவந்தவர் கதவோரம் நின்றுவிட்டார்.

"அக்கா, உள்ள யாரு முனகுறது?"

"உன் மாமியார்தான். டீயில சக்கரை கம்மியாம்."

டீக்காரர் டீயைக் கதவோரமே வைத்துவிட்டு வெளியே ஓடினார். போன வாரம் கல்லூரி விழாவில் இதே பாட்டுக்கு ஆடிய இரண்டு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள். காற்றுப் புகாத அரங்கில் எண்ணூறு பேரை அடைத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. பழி பாட்டின் மேல் விழுந்தது. மதியத்துக்குள் தெருவெல்லாம் பேச்சு: வானொலிக்காரி பேயோடு பேசுகிறாள்.

மூன்று மணிக்கு வாசலில் கூட்டம்.

"டேப்பை வெளிய போடு! அவளையும் அனுப்பு!"

கூட்டம் பின்பக்கமாக நுழைந்துவிடக் கூடாதென்று நிலைய இயக்குநர் பின்கதவுக்குச் சங்கிலிபோட்டுப் பூட்டச் சொன்னார். காவலாளி பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார்.

அப்போதுதான் நாடாக் கிடங்கின் சன்னலுக்குள் எரியும் துணி ஒன்று வந்து விழுந்தது.

நாடா குபீரென்று தீப்பிடித்தது. முன்வழி முழுக்கக் கரும்புகை. உள்ளே இருந்த பதினொரு பேரும் பின்கதவில் மோதினார்கள்.

"சாவி எங்க? ஐயோ, சாவி எங்கய்யா?"

இருமலுக்கு நடுவே அக்காவின் காதில் காலையில் வெட்டிய சரணத்தின் வரி ஒலித்தது: 'உள்ளே நாங்கள், வெளியே சாவி.' இத்தனை வருஷமும் அது அவருக்கு வெறும் இருபத்தாறு விநாடி. இப்போது அதன் ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் எரிந்தது. இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

சத்தம் கேட்டுக் காவலாளி கட்டடத்தைச் சுற்றி ஓடிவந்தார். அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை பூட்டு திறந்தது. பதினொரு பேரும் பிழைத்தார்கள். கிடங்கு சாம்பலானது.

"கழுத்துல என்னம்மா?" என்று அக்காவைக் கேட்டார் இயக்குநர்.

வெட்டிய நாடாத் துண்டு தரையில் விழுந்து தூசி படாமலிருக்க, கழுத்தில் சுற்றிக்கொள்வது அந்தத் தொழிலின் பழக்கம். மூன்றாம் சரணம் அங்கே கிடந்தது.

சில நாள் கழித்து, அந்தப் பாட்டின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவரை அக்கா தேடிப்போனார். குடை பழுதுபார்க்கும் கிழவர். முப்பது வருஷத்துக்கு முன், நூல் திருடு போகிறதென்று பின்கதவைப் பூட்டிவைத்த ஆலையில் தீப்பிடித்தது. அவருடைய அண்ணன் உள்ளே இருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் கடைசியாகக் கத்தியதுதான் மூன்றாம் சரணம். ஆலை முதலாளிக்கு ஒரு நாள் சிறைகூடக் கிடையாது.

"பேய் என்ன சொல்லுச்சுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. எங்க அண்ணன் என்ன சொன்னான்னு நீதாம்மா முதல்ல கேக்குற."

"நான்தான்யா வெட்டினேன். ஒவ்வொரு தடவையும்."

அந்தப் பாட்டில் பேய் எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒளித்தது நம்முடைய கத்தி. ஆலைக்கதவுகள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. அக்கா இப்போதும் எந்த அறைக்குள் போனாலும் முதலில் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறார்.

நாளை வேலைக்குப் போனதும் நீங்களும் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால், சாவி யாரிடம் என்று சத்தமாகக் கேளுங்கள். கதவு திறக்கும்வரை கேளுங்கள்.