வாங்கின் பாரத்தை மறந்த கணக்கு

எனக்குப் பதினெட்டு வயது. கண்டி டவுனில் அப்பாவின் கடை, கடைக்குப் பின்னால் வீடு. அண்ணன் ஓவர்சியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். படித்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கணக்குகளை நான் போட்டேன், அவன் அழகாகப் பிரதி எடுத்தான். இந்த ஏற்பாடு இருவருக்கும் பிடித்திருந்தது.

அதில் எனக்கு உயிர், பலகைக் கணக்கு. ஒரு பலகை, கீழே இரண்டு தாங்கிகள், மேலே பாரங்கள். எந்தத் தாங்கி எவ்வளவு தாங்குகிறது? கண்டுபிடிக்க, முதலில் பலகையைத் தாங்கிகளிலிருந்து பிரித்துத் தனியாக அந்தரத்தில் வரைய வேண்டும். பாரம் இருக்கும் இடத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு, தாங்கி இருந்த இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. ஒரு தாங்கியை மையமாக வைத்து, பலகையை இந்தப் பக்கம் சாய்ப்பதையும் அந்தப் பக்கம் சாய்ப்பதையும் சமன்படுத்தினால் மற்றத் தாங்கியின் விடை வந்துவிடும். சுற்றியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு ஒன்றைத் தனியே நிறுத்திப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கல்யாணத் தரகர் தெல்தெனியவிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ரோட்டு ஓவர்சியர். பிள்ளை எந்நேரமும் சிலேட்டும் கையுமாக இருப்பாள், பரவாயில்லையா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொம்பளப் புள்ளைக்குச் சிலேட்டு எதுக்குங்க? மாப்பிள்ளைக்கும் அதெல்லாம் புடிக்காது" என்றார் தரகர்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த மனிதரை அந்த நிமிடமே வெறுத்தேன். வேண்டாம் என்று நான் சொன்னால் எடுபடாது. ஆனால் பெண் பார்க்கும் நேரத்தில் ஒரு செம்பு கவிழ்ந்தாலே, தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து போகிறவர்கள் எங்கள் ஆட்கள். எனக்கு வேண்டியது ஒரு நல்ல அபசகுனம்.

கூடத்தில், வருகிறவர்கள் உட்கார, எட்டடி நீளத்தில் ஒரு பலா மர வாங்கு, அதாவது பெஞ்சு, கிடந்தது. ஒரு பக்கக் கால் கறையான் அரித்துப்போனதால், மடவளைத் தச்சர் புதுக் காலை ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிப் பொருத்தியிருந்தார். காலுக்கு வெளியே பலகை சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் தரகர், மறு ஓரத்தில் மாப்பிள்ளை என்று வைத்துச் சிலேட்டில் வரைந்தேன். தரகருக்குத் தொப்பையும் குடையும் போட்டேன். கணக்கு அதைக் கேட்கவில்லை, என் மனசு கேட்டது.

இருவரும் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளை எழுந்ததும் அவர் பக்கத்துக் காலின் விடை கழித்தல் குறியோடு வந்தது. அதாவது வாங்கு நிற்க வேண்டுமானால் தரை அந்தக் காலைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். எங்கள் சீமெந்துத் தரைக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. வாங்கு கவிழும், தரகர் விழுவார், அபசகுனம் தயார்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று வெற்றிலைத் தட்டை அந்த ஓரத்தில் வைத்தேன். வெற்றிலை இருக்கும் இடத்தில்தான் தரகர் உட்காருவார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தனியாகக் கதிரை போட்டேன், பாவம், அவர் என்ன செய்தார். அதற்குள் வாசலில் பேச்சுக் குரல் கேட்டதால் சிலேட்டை ஜன்னல் கட்டையில் கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடினேன்.

எல்லாரும் நான் நினைத்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி குடித்த மாப்பிள்ளை கோப்பையை வைக்க எழுந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் தரகர் அசையாமல் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். மாப்பிள்ளையோ எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலண்டை நிற்கிறார், கையில் என் சிலேட்டு! அவர் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் போனதும் ஓடிச் சிலேட்டைத் திருப்பிப் பார்த்தேன். பலகையின் நட்டநடுவில், நான் போடாத ஓர் அம்பு. பக்கத்தில் 'வாங்கின் பாரம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தரகரின் குடைக்குப் பக்கத்தில், 'இன்னும் ஆறு அங்குலம் வெளியே.'

அண்ணனின் புத்தகத்தில் ஒவ்வொரு கணக்கும் பலகையின் எடையை விட்டுவிடச் சொல்லும். நானும் சொன்னபடி கேட்டு, இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும் பலா மரத்தை விட்டுவிட்டேன். அந்தப் பாரம்தான் வாங்கைக் கவிழாமல் பிடித்திருந்தது, தரகர் இன்னும் அரையடி ஓரமாக உட்கார்ந்திருந்தால் கவிழ்ந்திருக்கும். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். தன் சம்பந்தத்தைக் கலைக்கப் போட்ட திட்டம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை, திருத்திக் கொடுத்திருந்தார். சிலேட்டுப் பிடிக்காத மனிதர் அந்நிய வீட்டில் சிலேட்டுக் குச்சியைத் தொடுவாரா? தரகர் புளுகியிருக்கிறார்.

சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். மாப்பிள்ளையின் விடையையும் நான் சும்மா விடவில்லை, வாங்கின் பாரத்தைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து அங்குலமே போதும். ரோட்டு வேலைக்காரர் அல்லவா, கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார்.

அடுத்த மாதம் தட்டு மாற்ற வந்தார்கள். அதே வாங்கு, அதே ஓரங்கள். வெற்றிலைத் தட்டு எங்கே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. தட்டு மாற்றிக் கைகூப்பியாயிற்று, இனி எந்தச் சகுனத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தரகர் சாய்ந்துகொண்டு தன் பெருமையை ஆரம்பித்தார். பொண்ணு பசு மாதிரி, இனிமேல் சிலேட்டைத் தொடவே மாட்டாள் என்றார்.

மாப்பிள்ளை பணிவாகத் திரும்பினார். "ஐயா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி உட்காருங்க. சௌகரியமா இருக்கும்."

தரகர் நகர்ந்தார். மாப்பிள்ளை நான் நின்ற கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக எழுந்தார்.

வாங்கு கவிழ்ந்து, கீழே விரித்திருந்த பாயில் விழுந்து கிடந்த தரகருக்கு முதலில் கை கொடுத்ததும் மாப்பிள்ளைதான். கல்யாணம் முடிந்து தெல்தெனியவுக்குப் புறப்பட்ட அன்று, புடவைகளுக்கு நடுவே சிலேட்டை வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். வாசலில் நின்ற தரகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதுக்கு என்று கேட்கவில்லை.