பத்து வீட்டு அரிசி

அப்பா வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னபோது நான் மின்விசிறிக்குக் கீழே படுத்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். தஞ்சாவூரில் எங்கள் தெருவில் மின்விசிறி இருந்த வீடுகள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று எங்களுடையது என்பதில் ஒன்பது வயதுக்கு மீறிய தலைக்கனம் எனக்கு. அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் உத்தியோகம். மாயவரம் பக்கம், குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் சபையின் ஆலயம் இடிந்து கிடக்கிறது, ஜெபம் நடத்த ஆளில்லை, நாம் போகிறோம் என்றார்.

"அங்க ஃபேன் உண்டாப்பா?"

"பனையோலை விசிறி உண்டு கண்ணு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அரண்மனை உத்தியோகத்தை விட்டுவிட்டு இடிந்த மதிலைக் கட்டப் போன ஒருவரின் கதையை அப்பா வேதத்திலிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷருக்கு மகள் இருந்ததாகக் கதையில் இல்லை. இருந்திருந்தால் மதில் எழும்பியிருக்காது. நான் அழுத அழுகை அப்படி. அழுது என்ன, போய்த்தான் சேர்ந்தோம்.

ஆலயத்துக்குக் கூரையும் இல்லை, மேற்குச் சுவரும் இல்லை. பீடத்தில் ஓர் ஆடு படுத்திருந்தது. பக்கத்திலிருந்த ஒற்றை அறைக் குடிசைதான் ஜெபம் நடத்தும் உபதேசியாருக்கான வீடு, அதாவது இனிமேல் எங்கள் வீடு. சபை என்றால் மொத்தம் பத்துக் குடும்பங்கள், எல்லாரும் வயல் வேலை செய்கிறவர்கள். அந்த வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலியில் இவர்கள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டார்கள். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டதென்று ஊர் ஊராகக் கொடி பறந்த காலம். எங்கள் வாய்க்காலைத் தாண்டி அது இன்னும் வந்து சேரவில்லை. ஆண்கள் எல்லாரும் பகலில் தெருவிலேயே இருந்தார்கள். அப்பா அவர்களோடு மண் குழைத்தார், சுவர் எழுப்பினார், மழைக்கு முன் கூரையும் போட்டார். கர்த்தரே இத்தனை கைகளைக் கொடுத்தார் என்று பூரித்துப்போனார். நானோ சரியான சோம்பேறி ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சம்பளம் கிடையாது, பிடி அரிசிதான். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கொண்டுவந்து பீடத்தின் முன்னால் இருக்கும் கூடையில் கொட்டுவார்கள். அதுதான் எங்களுக்கு வாரச் சாப்பாடு. ஐயோ, அந்த அரிசி! சிவப்பு, வெள்ளை, ரேஷன் அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழைந்தால் இன்னொன்று விறைத்து நிற்கும். வாய்க்கு வாய் கல். தட்டைத் தள்ளிவிட்டு, "தஞ்சாவூர்ல கோழிகூட இதைத் தின்னாது" என்றேன் ஒருநாள். அம்மா தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.

எஸ்தர் என் வயதுப் பெண், அடுத்த குடிசை. அவர்கள் வீட்டில் தினமும் நத்தைக் கறி, இல்லையென்றால் வயல் நண்டு. எங்களுக்கு வெறும் சோறும் ரசமும். கொடுத்து வைத்தவர்கள் என்று எனக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் அவளோடு ஒரு வியாபாரம் பேசினேன். என் சோறு அவளுக்கு, அவள் கறி எனக்கு. சோற்றை அவள் தொடவே மாட்டாள். அவளுடைய இரண்டு வயதுத் தம்பி இரண்டு கையாலும் அள்ளுவான். நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

என் விரலில் நத்தை வாசனையைப் பிடித்துவிட்டாள் அம்மா. உதை நிச்சயம் என்று நின்றேன். அவள் விசாரித்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து எஸ்தருக்கு நான் கொண்டுபோகும் கிண்ணத்தில் சோறு கூடியது, அம்மாவின் தட்டில் குறைந்தது. அவளுக்கும் நத்தைக் கறி ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, இனி யாரும் அரிசி கொண்டுவர வேண்டாம் என்றார் அப்பா. எஸ்தரின் அம்மாதான் எழுந்தாள்.

"போறீங்களா ஐயா?"

"இல்லம்மா, உங்களுக்கே கஷ்டம்..."

"முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. கோயில் விழுந்துச்சு. நீங்க சாப்பிட்டாத்தான் இருப்பீங்க. வாங்கிக்குங்க."

அப்பா கூடையை எடுத்து முன்னால் வைத்தார்.

கார்த்திகை மழையில் தெருவெல்லாம் சேறு. எஸ்தரின் தம்பிக்குப் பேதி கண்டது. மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு அப்பா முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக நடந்தார். மிராசுதார் வீட்டு மாடுகளுக்கெல்லாம் அன்றைக்கென்று கால் வலி. அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். ஆலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். மேற்குச் சுவர் கட்ட மண் எடுத்த இடம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தரின் அம்மா வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தோம். வந்தாள். அவள் கையிலிருந்த முடிச்சு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா கூடையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவனுக்குக் கஞ்சிக்குன்னு வச்சிருந்தது ஐயா. இனிமே யாருக்கு? நீங்க இருந்தாத்தான் புள்ள படுத்திருக்கிற எடத்துல ஜெபச் சத்தம் கேக்கும்."

அவளே அவர் கையை விலக்கிவிட்டுக் கொட்டினாள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து அம்மா அதை வடித்தாள். அப்பா தட்டில் கை வைத்தார், எடுத்தார், எழுந்து வெளியே போனார். அம்மாவும் சாப்பிடவில்லை. எனக்கோ நல்ல பசி. மூன்று தட்டையும் நானே காலி செய்தேன். கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கென்று ஒரு தாய் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்த அரிசி அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வழித்துத் தின்றுவிட்டு அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்:

"இந்த வாரம் கல்லே இல்லம்மா."