லைன் வீட்டின் பின் சுவர்

வெடிச் சத்தம் அடங்கியதும் ரப்பரும் தலைமுடியும் சேர்ந்து கருகும் நாற்றம்தான் முதலில் வந்தது, அதற்குப் பிறகுதான் அலறல். பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கு வடக்கிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கிய காலத்தில், மஞ்சள் விளைந்த எங்கள் காட்டில் அப்பா வரிசையாக அறைகள் கட்டி, தகரம் போட்டு, அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஊரில் அதற்கு "லைன் ஊடு" என்று பெயர். திருட்டு பெருகிவிட்டது என்ற பேச்சு கிளம்பியதும், உள்ளே போக இருந்த ஒரே வழிக்கும் இரும்புக் கேட் வைத்து, ஆண்கள் வேலைக்குப் போனபின் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். கேட்டால், "பொம்பளைங்களுக்குத்தானுங்க பாதுகாப்பு" என்பார்.

நான் ஆறாவது முடித்திருந்த கோடையில், ஒரு முற்பகலில், கேட்டை ஒட்டிய அறையில் சிலிண்டர் வெடித்தது. அப்பா சாவியோடு ஈரோடு போயிருந்தார். தீ வழியை அடைத்துக்கொள்ள, பெண்கள் பின் சுவருக்கு ஓடி உள்ளிருந்து அதை அறைந்தார்கள். அம்மா கடப்பாரையோடு ஓடினார். பெரியப்பா மறித்தார்.

"அம்மணி, சாவி வந்துரட்டும். செவுத்த இடிச்சா கூரையே எறங்கிப்போடும்."

"அதுக்குள்ள வெந்துபோயிருவாங்க மாமா, தள்ளுங்க!"

ஒரு கல் உடைந்து விழுந்ததும் உள்ளிருந்து விரல்கள் வெளியே வந்து அடுத்த கல்லைப் பிய்த்தன. அம்மாவின் அடுத்த குத்து அந்த விரல்கள் மேல் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா அழுதார், ஆனால் நிறுத்தவில்லை. ஓட்டை வழியே முதலில் ஒரு குழந்தையை இழுத்தோம்; பிறகு, தோல் உரிந்த தோள்களோடு ஒவ்வொருவராக. விரல் நசுங்கிய ஜமுனாதான் கடைசி. வெடித்த அறையிலிருந்த சவிதா வரவேயில்லை.

மாலையில் திரும்பிய அப்பாவைச் சவிதாவின் கணவர் சட்டையைப் பிடித்துத் தரையில் தள்ளி, வாயில் ரத்தம் வரும்வரை அடித்தார். பெரியப்பா தடியைத் தூக்கியபோது அம்மா குறுக்கே நின்றார்.

"அவரு அடிக்கட்டும், உடுங்க மாமா. அவரு பொண்டாட்டிதானுங்க போயிட்டா."

அப்பா கையை உயர்த்தவேயில்லை. போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது.

இன்று அந்த அறைகளும் இல்லை, அங்கிருந்த குடும்பங்களும் இல்லை. யாரோ அந்த இடத்தை வாங்கி, தனி ஆண்களுக்கென்று நான்கு மாடி விடுதி கட்டியிருக்கிறார்கள்; ஜன்னல்தோறும் கம்பி, ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. போன மாதம் அந்த வழியாகப் போனபோது அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அத்தன உசரத்துல செவுத்த ஆரு ஒடைப்பா, கண்ணு?"